சாயத் தொழிலாளரின் நோயைக் கண்டுபிடித்த டாக்டர்

கத்திக் குத்துப்பட்ட இதயத்தை ஊசி நூலால் தைத்து, நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் டாக்டர் என்றுதான் லுத்விக் ரேனை உலகம் அறியும். 1896 செப்டம்பர் 9-ந் தேதி ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர ஆஸ்பத்திரியில் அது நடந்தது. குத்துப்பட்டவர் 22 வயதுத் தோட்டக்காரர். பட்டு நூலால் மூன்று தையல். ஆள் பிழைத்துக்கொண்டார். ரேனின் பெயர் உலகமெங்கும் பரவியது.

அதற்கு முந்தைய ஆண்டு அவர் செய்த வேலையைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. தொழிலாளி வர்க்கத்துக்கு அதுதான் பெரிய உபகாரம்.

ரேன் 1849 ஏப்ரல் 13-ல் அல்லென்டார்ப் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனாரும் டாக்டர். மார்பர்க் நகரில் படித்தார். 1870-ல் பிரான்சுடன் மூண்ட போரில் சேவை செய்தார். பிறகு பிராங்பர்ட்டை ஒட்டிய ஊர்களில் வைத்தியம் பார்த்தார். 1886-ல் நகர ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பகுதி அவர் பொறுப்பில் வந்தது.

அந்தப் பக்கம் மைன் ஆற்றங்கரை நெடுக ரசாயனத் தொழிற்சாலைகள். நிலக்கரித் தாரிலிருந்து அனிலின் எடுத்து, அதிலிருந்து புக்ஸின் என்ற சாயம் காய்ச்சுவார்கள். நம் துணிக்கடைகளில் மெஜந்தா என்கிறோமே, அந்தச் சிவப்புதான். தொட்டியருகே நிற்கும் தொழிலாளி நாள் முழுவதும் அந்த ஆவியைச் சுவாசித்துக் கொண்டிருப்பார்.

அப்படிப்பட்ட தொழிலாளர் சிலர் ரேனிடம் வந்தனர். சிறுநீரில் ரத்தம் போயிற்று. சோதித்தபோது சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தது. உள்ளே விட்டுப் பார்க்கும் விளக்குக் குழாயை நிட்சே என்ற டாக்டர் 1870-களின் கடைசியில்தான் கொண்டுவந்திருந்தார். வைத்தியம் என்றால் அடிவயிற்றைத் திறந்து கட்டியை அறுத்தெடுப்பதுதான்.

அறுத்தெடுத்ததோடு ரேன் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நோயாளி எங்கே வேலை செய்கிறார் என்று விசாரித்தார். புக்ஸின் செய்யும் 45 பேரில் மூன்று பேருக்கு ஒரே நோய்! ஊரில் அபூர்வமான நோய் ஒரே கொட்டகைக்குள் மூன்று பேருக்கு வந்தால் அது தற்செயல் ஆகுமா? 1895-ல் பெர்லினில் கூடிய அறுவை சிகிச்சை டாக்டர்கள் மாநாட்டில் இதை எடுத்து வைத்தார். சுவாசிக்கும் விஷத்தைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்புகிறது, அது பையில் தேங்கி நின்று சுவரைக் கெடுக்கிறது என்பது அவர் கணிப்பு.

மூன்று பேரை வைத்து ஒரு தொழிலையே குறை சொல்லலாமா என்று மறுத்தவர்கள் உண்டு. ஆனால் மற்றச் சாயத் தொழிற்சாலைகளிலிருந்தும் அதே மாதிரி நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் ரேன் தவறினார். அவர் அனிலின் மீது பழி போட்டார். உண்மைக் குற்றவாளிகள் சாயத் தொழிலில் அதனுடன் புழங்கிய பென்சிடின், நாப்தைலமின் போன்றவை. 1938-ல் அமெரிக்காவில் நாய்களுக்கு நாப்தைலமின் கொடுத்துப் பார்த்து நிரூபித்தார்கள். பொருள் தவறினாலும் இடம் தவறவில்லை. தொழிற்சாலைக் கதவை அவர் சரியாகவே காட்டியிருந்தார். இந்த நோய் வேலைக்குச் சேர்ந்து பத்து, இருபது ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். வேலையை விட்டு ஊர் திரும்பிய பின் வந்தால் யார் முடிச்சுப் போடுவார்கள்?

அதே நாப்தைலமின் பீடி, சிகரெட் புகையிலும் கொஞ்சம் இருக்கிறது. இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான். அடையாளம் மட்டும் ரேன் காலத்ததே: வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம். சிறுநீரகப் புற்றும் இப்படித் தெரிவதுண்டு. ஒரு நாள் போய் மறுநாள் நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் பார்த்தால் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. சிறுநீர் வழியே குழாயை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்து, காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. மருந்தையே பைக்குள் செலுத்துகிறார்கள். இது 1976-க்குப் பின் வந்த முறை.

ரேன் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1914-ல் பிராங்பர்ட்டில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கே பேராசிரியரானார். 1930 மே 29-ல் 81-வது வயதில் அதே நகரில் காலமானார். அங்கே ஒரு தெரு அவர் பெயரில் இருக்கிறது.