எலியின் உடம்பு குளிர்ந்த பிறகு: வைத்தியர் சிமோனும் தெள்ளுப்பூச்சியும் மண்டபம் முகாமும்

கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மெதுவாகத்தான் ஏறும். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை திறக்கப்பட்ட காலத்திலிருந்தே அப்படித்தான். நீராவி எஞ்சின் நாட்களில் ஒரு எஞ்சினின் இழுவை போதாமல் இரண்டாவதையும் பூட்டுவார்கள். இப்போது அங்கே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களின் முன்னால் நின்று பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள். அந்தப் பாதையால் கீழே இறங்கியது முதலில் கோப்பி, பிறகு தேயிலை. மேலே ஏறியவற்றில் முக்கியமானவை இரண்டு: தோட்டங்களுக்கான அரிசி மூட்டைகளும், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த மனிதர்களும்.

பிளேக் பயம் பரவிய 1890களின் கடைசியில் வெள்ளைக்கார அரசாங்கம் சந்தேகித்தது அந்த மனிதர்களைத்தான். அவர்களை மறித்தது, அடைத்தது, உடுதுணியைக்கூடச் சோதித்தது. மூட்டைகள் பெரிய தொல்லையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அந்த நோய் எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருகிறது என்பதை அதே ஆண்டுகளில் கராச்சியில் ஒருவர் பரிசோதனை செய்தே காட்டியிருந்தார். அவர் பெயர் போல் லூயி சிமோன். பிரெஞ்சுக்காரர், இராணுவ வைத்தியர். பத்து ஆண்டுகளுக்குக் கிட்ட அவரை யாரும் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்களில் நம்முடைய பாட்டன் பூட்டன்மாரும் இருந்தார்கள் என்பதால், அவரது கதை நமக்கும் உரியது.

சிமோன் 1858இல் பிரான்ஸின் தென்கிழக்கே, துரோம் பகுதியின் ஒரு சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் புரட்டஸ்தாந்து மதபோதகர். போர்தோவில் வைத்தியம் படிக்கத் தொடங்கி, படிப்பு முடியுமுன்னே பிரெஞ்சு கயானாவுக்குப் போய், அங்கே ஒரு தொழுநோய் இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். திரும்பிவந்து தொழுநோய் பற்றியே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றார். பிறகு சில ஆண்டுகள் சீனாவின் தென்பகுதியிலும் இந்தோசீனாவிலும் பணி. 1895இல் பாரிஸின் பஸ்தூர் நிறுவனத்தில் சேர்ந்தார். ஊரூராக அலைந்து நோயாளியின் பக்கத்திலிருந்தே கற்ற மனிதர் அவர். பின்னால் கைகொடுத்ததும் அந்தப் பழக்கம்தான்.

1894இல் ஹொங்கொங்கில் பிளேக் மூண்டபோது அலெக்சாந்தர் யெர்சன் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். கிருமி தெரிந்தது, அது மனித உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை. காற்றாலா, தூசியாலா, அழுக்காலா, வெறுங்காலால் நடப்பதாலா, நோயாளியின் துணியாலா என்று ஆளுக்கொரு கருத்து. 1896இல் நோய் பம்பாயை எட்டியது. அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேற்பட்டவர்களை அது கொன்றது.

நோய் வரும் வழி தெரியாதபோது அரசாங்கம் கையிலெடுத்தது அதிகாரத்தை. 1897இல் இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. இலங்கையில் அதே ஆண்டில் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. கொரோனா காலத்தில் நம்மை வீட்டுக்குள் வைக்கப் பயன்பட்டது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான். புனே நகரில் சிப்பாய்கள் வீடுவீடாகப் புகுந்தார்கள். பெண்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை எரித்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். சுற்றிவளைப்பும் சோதனையும் கண்ட ஊர்களிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தக் காட்சியை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் களத்துக்குத்தான் சிமோன் அனுப்பப்பட்டார். யெர்சன் தயாரித்த ஊசிமருந்து பலிக்கிறதா என்று பார்ப்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மருந்து எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. ஆனால் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அவர் சின்னச் சின்ன விடயங்களைக் கவனித்தார்.

முதலாவது, சில நோயாளிகளின் காலிலோ பாதத்திலோ ஊசிமுனை அளவில் தொடங்கும் ஒரு நீர்க்கொப்பளம் இருந்தது. அதன் நீரை எடுத்துப் பார்த்தால் பிளேக் கிருமி. நெறி கட்டியதோ அந்தக் கொப்பளத்துக்கு அண்மையில். ஏதோவொன்று கடித்த இடத்தால்தான் நோய் உள்ளே போயிருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

இரண்டாவது, ஒரு கம்பளி ஆலையில் நடந்தது. காலையில் வேலைக்கு வந்தவர்கள் தரை நிறைய எலிகள் செத்துக்கிடப்பதைக் கண்டார்கள். 20 கூலியாட்களை விட்டு அவற்றை அள்ளச் செய்தார்கள். மூன்று நாளைக்குள் அவர்களில் 10 பேருக்குப் பிளேக். அதே ஆலையில் எலியைத் தொடாத மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வேறு இடங்களில், செத்து ஒருநாளுக்கு மேல் ஆன எலியைத் தொட்டவர்களுக்கு நோய் வரவில்லை. கிருமி எலியின் உடலில்தான் இருக்கிறது என்றால், பழைய எலியும் ஆபத்தாகத்தானே இருக்கவேண்டும்? புதிதாகச் செத்த எலியில் இருந்து, பிறகு இல்லாமல் போவது எது?

இங்கேதான் அவர் தெள்ளுகளை எண்ணத் தொடங்குகிறார். சுகமாயிருக்கிற எலியின் உரோமத்தில் தெள்ளு அதிகம் இராது. எலி நாள்முழுதும் தன்னை நக்கி, பல்லால் கோதி, தெள்ளைப் பிடித்துத் தின்றுவிடும். நோய் கண்டதும் அதற்கு அந்தத் தெம்பு போய்விடுகிறது. தெள்ளுகள் பெருகிவிடுகின்றன. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அத்தனையும் ஒரேயடியாக இறங்கி, அடுத்த சூடான உடம்பைத் தேடுகின்றன. அது இன்னொரு எலியாக இருக்கலாம். எலியே மிஞ்சாத வீட்டில், பாயில் படுத்திருக்கும் மனிதனாக இருக்கலாம். செத்த எலி சூடாக இருக்கும்போது தொட்டவன் ஏன் நோயில் விழுந்தான், மறுநாள் தொட்டவன் ஏன் தப்பினான் என்பதற்கு இந்த எண்ணிக்கை மாற்றமே விடை.

விடை மனதில் இருந்தால் போதாது, செய்து காட்டவேண்டும். 1898 ஜூன் 2ஆம் திகதி, கராச்சியில் அவர் தங்கியிருந்த ரெய்னோல்ட்ஸ் ஹோட்டலிலேயே அதைத் தொடங்கினார். நோயாளி ஒருவரின் வீட்டில் பிடித்த பிளேக் எலியை, அடியில் மணல் போட்ட பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டார். தெள்ளு போதாது என்று ஹோட்டல் பூனையிடமிருந்தும் சிலவற்றை எடுத்துச் சேர்த்தார். எலி சாகும் தறுவாயில், கம்பிவலைக் கூட்டுக்குள் ஒரு சுகமான எலியை வைத்து மணலுக்குச் சற்று மேலே தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொடமுடியாது. தெள்ளு மட்டும் தாவலாம். நோய் எலி செத்தது. சில நாளில் கூட்டுக்குள் இருந்த எலியும் செத்தது, உடலில் பிளேக் கிருமியோடு. மாற்றிச் செய்து பார்க்கவும் அவர் மறக்கவில்லை: தெள்ளு நீக்கிய நோய் எலியோடு சுகமான எலியை விட்டபோது சுகமான எலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஆண்டே பஸ்தூர் நிறுவனத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியானது. வரவேற்பு மோசம். பரிசோதனையைத் திரும்பச் செய்த சிலருக்கு அதே முடிவு வரவில்லை. அவர்கள் பயன்படுத்திய தெள்ளு இனங்கள் வேறு. இந்தியப் பிளேக் ஆணைக்குழுவும் அவரது கருத்தைப் பெறுமதியற்றதாக ஒதுக்கியது. பிளேக்கைப் பரப்பும் முதன்மையான எலித்தெள்ளுக்கு அப்போது பெயர்கூட வைக்கப்பட்டிருக்கவில்லை. 1903இல்தான் சார்ள்ஸ் ரொத்ஸ்சைல்ட் அதை எகிப்திய மன்னன் கியோப்ஸின் பெயரால் விவரித்தார். காட்டு விலங்கு, வீட்டு விலங்கு என்று எல்லாவற்றின் உரோமத்திலிருந்தும் தெள்ளு சேகரித்த வங்கிக் குடும்பத்துக்காரர் அவர். பணக்காரர் ஒருவரின் விநோதப் பொழுதுபோக்கு என்று பலரும் சிரித்திருப்பார்கள். அந்தச் சேகரிப்பு இல்லாவிட்டால் எந்தத் தெள்ளை எண்ணுவது என்றே தெரிந்திராது. 1905க்குப் பிறகு பம்பாய் பரேலில் இயங்கிய புதிய ஆய்வுக்குழு சிமோன் சொன்னதை உறுதிப்படுத்தியது. 1914இல் லண்டனில் பேக்கொட்டும் மார்ட்டினும், கிருமி தெள்ளின் இரைப்பை வாயில் அடைத்துக்கொள்வதால் பசி அடங்காத தெள்ளு திரும்பத் திரும்பக் கடித்துக் கிருமியைக் கக்குகிறது என்று காட்டினார்கள். அதன்பின் ஓர் எலிக்குச் சராசரியாக எத்தனை தெள்ளு என்பதே ஒரு நகரத்தின் ஆபத்தை அளக்கும் அளவுகோலாயிற்று. ஒன்றைத் தாண்டினால் எச்சரிக்கை.

இடைப்பட்ட அந்தக் காலத்தில் நம் பக்கம் நடந்ததைப் பார்ப்போம். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடுவழியாக நடந்துவந்த பாதை பிளேக்கைக் காரணம் காட்டி மூடப்பட்டது. வந்தவர்களைத் தூத்துக்குடி வழியாகத் திருப்பி, தட்டப்பாறையிலும் ராகமையிலும் முகாம்களில் நாட்கணக்கில் வைத்தார்கள். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்துண்டுடன் அவர்கள் அங்கிருந்து ரயிலேறி, கடுகண்ணாவை வழியாக மலைக்குப் போனார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு மண்டபம் பெருமுகாம் ஆனது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. கிணற்றடியில் நிறுத்திக் குளிப்பாட்டுவது, துணிகளை ஆவியில் அவிப்பது, அம்மை குத்துவது, எண்ணுவது.

அதே 1914இல் பிளேக் கொழும்புக்கு வந்தது. துறைமுகப் பக்கமாக, புறக்கோட்டையின் அரிசிக் களஞ்சியங்களைச் சுற்றித்தான் அது நிலைகொண்டது. கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளர் பேபியன் ஹேர்ஸ்ட் எலிகளைப் பிடித்து, தெள்ளுகளைச் சீவி எடுத்து, இனம் பிரித்து எண்ணினார். கொழும்பு எலிகளில் பெரும்பாலும் இருந்தது அஸ்டியா என்ற வேறொரு இனம். அது பிளேக்கைப் பரப்புவதில் மந்தமானது. கியோப்ஸ் தெள்ளு தானியக் களஞ்சியப் பகுதியில்தான் வேரூன்றியிருந்தது. சரக்கோடு அது வந்து சேர்ந்தது என்பது அவர் முடிவு. சென்னை நகரமும் ஏன் பெருமளவு தப்பியது என்பதற்கும் இதே விளக்கம் பொருந்தியது: அங்கேயும் அஸ்டியாதான் அதிகம். பல ஆயிரம் உழைப்பாளிகளை முகாமில் வைத்து இராணுவ ஒழுங்கில் சோதித்தபோது, தெள்ளு களஞ்சியத்து மூட்டைச் சந்துகளில் குடியிருந்தது. இலங்கையில் பிளேக் 1938க்குப் பிறகு இல்லை.

சிமோன் இதற்கெல்லாம் வெகுதூரத்தில் இருந்தார். கராச்சியிலிருந்து சைகோன் போய் அங்குள்ள பஸ்தூர் நிலையத்தை நடத்தினார். 1901 முதல் பிரேசிலில் மஞ்சட்காய்ச்சல் ஆய்வு. நுளம்பே அதைப் பரப்புகிறது என்று உறுதிசெய்த பிரெஞ்சுக் குழுவில் அவரும் ஒருவர். பிறகு மார்த்தினிக், கொன்ஸ்தாந்திநோபிள், மறுபடி இந்தோசீனா. சளைக்காமல் பூச்சிகளின் பின்னால் போன மனிதருக்குக் கடைசிக்காலத்தில் மலர்களில் ஆசை. இந்தோசீனாவின் ஓர்க்கிட் செடிகளைப் பற்றியும் ஆராய்ந்தார். 1917இல் ஓய்வுபெற்று, பிறந்த மாவட்டத்திலேயே வலான்ஸ் நகரில் வாழ்ந்து 1947இல் இறந்தார். யெர்சனின் பெயர் கிருமிக்கே சூட்டப்பட்டது. தெள்ளைக் காட்டியவருக்கு நோபல் பரிசும் கிடைக்கவில்லை, உலகறிந்த பெயரும் வாய்க்கவில்லை.

தெள்ளு எண்ணுவது இன்னும் நின்றுவிடவில்லை. பிளேக் இப்போது பெரும்பாலும் காட்டிலும் வெட்டவெளியிலும் வாழும் உரோம விலங்குகளின் நோய். மத்திய ஆசியப் புல்வெளிகளில் பாலை எலிகள், மங்கோலியாவில் மர்மொட்டுகள். 1910-11இல் மஞ்சூரியாவில் மர்மொட் தோலுக்காக வேட்டையாடியவர்களிடமிருந்து தொடங்கிய பிளேக் சுமார் 60,000 பேரைக் கொன்றது. கோலார், ஓசூர் பக்கத்து வெளிகளில் எலிகளைப் பொறிவைத்துப் பிடித்து, உரோமத்தைச் சீவித் தெள்ளுகளைப் பார்க்கும் கண்காணிப்பு நீண்டகாலமாக நடந்துவருகிறது.

மண்டபம் முகாம் பிளேக்கோடு முடிந்துபோகவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் கண்டியில் ரயிலேறி, அதே கடுகண்ணாவைச் சரிவில் இறங்கி, தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள். அக்கரையில் அவர்களை முதலில் இறக்கி வைத்ததும் மண்டபத்தில்தான். 1983க்குப் பிறகு வள்ளமேறிப்போன வடக்கு, கிழக்கு மக்கள் பெயர் பதிந்ததும் அங்கேதான். கிணறும் வரிசை வரிசையான அறைகளும் எண்ணுகின்ற பழக்கமும் அவர்களுக்காகவும் அங்கே காத்திருந்தன.