பாத்திரம் கழுவிய பிரெட் ஹார்வி

1853-ல் லண்டனிலிருந்து அமெரிக்கா போன பிரெட் ஹார்வி என்ற பையன், நியூயார்க் உணவகம் ஒன்றில் எச்சில் பாத்திரம் கழுவினான். பிறகு ரயில்வே வேலை. ஊர் ஊராக அலைந்தபோது ரயிலடிச் சாப்பாடு அவரைப் படாதபாடு படுத்தியது. ஆறிப்போன காபி, ஊசிப்போன பதார்த்தம். சில இடங்களில், காசு கொடுத்தும் தட்டு வருமுன்னே வண்டி கிளம்பிவிடும்!

1876-ல் கன்சாஸ் மாநிலம் டொபீகா ரயில் நிலையத்தில் சிற்றுண்டிச்சாலை திறந்தார். சாப்பிடுவோர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே தந்தி வந்துவிடும். வண்டி நின்றதும் சுடச்சுடச் சாப்பாடு! 1883-ல் ராட்டன் ஊரில் பரிமாறும் ஆண்கள் அடிதடியில் இறங்கவே, அவர்களை நீக்கிவிட்டுப் பெண்களை அமர்த்தினார். அந்தக் காலத்தில் இது பெரிய துணிச்சல்.

1898-ல் நியூ மெக்சிகோவின் லாஸ் வேகாஸில் (சூதாட்ட ஊர் அல்ல, இது வேறு!) தண்டவாளத்தை ஒட்டியே காஸ்டனேடா ஓட்டலைக் கட்டினார்கள். ஹார்வி 1901-ல் காலமானார். 1948-ல் மூடப்பட்ட அந்த ஓட்டல், 2019-ல் மீண்டும் திறக்கப்பட்டது.