நகையும் அழுகையும்: கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

மனித உணர்வுகள் வெளிப்படும் விதத்தைத் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்துள்ளது. அவ்வரிசையில் நகை முதலில் நிற்கிறது. அதற்கு அடுத்த இடத்தில் அழுகை நிற்கிறது. பார்ப்பதற்கு இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆயினும், நல்ல நாடகத்தில் இவை கைகோத்தே நடக்கின்றன. ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர், தமது லியர் மன்னன் நாடகத்தில், நாட்டையும் நிம்மதியையும் இழந்த அரசனுக்குப் பக்கத்தில் ஒரு கோமாளியை நிறுத்தினார். அரசன் செய்த தவற்றை அக்கோமாளி வேடிக்கைப் பேச்சாகவே அவனுடைய முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். தமிழகத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரனும் இத்தகைய பணியையே செய்கிறான். இந்த மரபைத் தமிழ் நாடக மேடையிலிருந்து வெண்திரைக்குக் கொண்டு சென்று, சமுதாயத்தின் துயரங்களைச் சிரிப்பின் வழியாகப் பேசியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாயார் இசக்கியம்மாள். அவ்வூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. குடும்பத்தை வறுமை வாட்டியதால், கிருஷ்ணனின் படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டது. சிறுவயதிலேயே டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டும் வேலைக்குச் சென்றார். நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்றார். படிக்க முடியாமல் போன சிறுவனுக்கு அந்தக் கொட்டகையே பள்ளிக்கூடம் ஆனது. மேடையில் நடப்பதையும், அதைக் கண்டு மக்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கண் கலங்குகிறார்கள் என்பதையும் அவர் நாள்தோறும் பார்த்தார்.

அக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டே நடத்தப்பட்ட நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. 1925ஆம் ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்னும் குழுவைத் தொடங்கினர். கிருஷ்ணன் அக்குழுவில் சேர்ந்து நடிப்பும் பாட்டும் பயின்றார். நகைச்சுவை வேடங்களில் அவருடைய திறமை விரைவில் வெளிப்பட்டது. அவர் பிறந்த மண்ணுக்கே உரிய வில்லுப்பாட்டும் அவருக்குத் துணை நின்றது.

வில்லுப்பாட்டு கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் கலை. அநியாயமாகக் கொல்லப்பட்டுப் பின்னர்த் தெய்வமாக வணங்கப்பட்டவர்களின் கதைகள் பல அதில் உண்டு. அவை நெஞ்சை உருக்கும் துயரக் கதைகள். ஆனால், நீண்ட நேரம் பாடப்படும் அக்கதைகளை மக்கள் சோர்வின்றிக் கேட்க வேண்டும். அதனால், வில்லடித்துப் பாடும் புலவர் இடையிடையே வேடிக்கையாகப் பேசுவார். பக்கத்தில் இருப்பவர்கள் ஆமாம் போட்டும் கேள்வி கேட்டும் அதை வளர்ப்பார்கள். ஒரு கணம் சிரித்த கூட்டம் மறுகணம் கண்ணீர் வடிக்கும். துயரக் கதைக்குள் சிரிப்பைச் சேர்க்கும் முறையை கிருஷ்ணன் இந்தக் கலையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தில், வெ. சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரன் என்ற நாடகத்திற்கு ஆங்கில அரசு தடை விதித்திருந்தது. டி. கே. எஸ். குழுவினர் அதனைத் தேசபக்தி என்ற பெயரில் மேடையேற்றினர். அந்நாடகத்தில் கிருஷ்ணன் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். நகைச்சுவை நடிகர் என்று அறியப்பட்டவர், நாட்டின் விடுதலையைப் பேசும் நாடகத்தில் முக்கியமான பொறுப்பை ஏற்றார். சிரிப்பூட்டுபவரின் சொல்லும் பெரிய செய்தியைச் சுமக்கும் என்பது அங்கே வெளிப்பட்டது.

1936ஆம் ஆண்டு வெளிவந்த சதி லீலாவதி, அவர் நடித்த தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. குடியால் ஒரு குடும்பம் சீரழிவதைக் கூறும் கதை அது. கதைத்தலைவன் இலங்கைக்குத் தப்பியோடித் தோட்டத்தில் கூலி வேலை செய்வதும் அதில் இடம்பெற்றது. அதே காலத்தில் அவர் நடிகை டி. ஏ. மதுரத்தைச் சந்தித்து மணந்துகொண்டார். இருவரும் இணைந்து நடித்த காட்சிகள் மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. கிருஷ்ணன் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டும் பெண்ணாக மதுரம் நிற்கவில்லை; ஈடுகொடுத்து வாதாடினார்.

அந்நாளில் புராணக் கதைகளும் அரச கதைகளுமே மிகுதியாகப் படமாக்கப்பட்டன. கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே தம் குழுவினருடன் உருவாக்கிப் படத்தில் சேர்த்தார். பழங்காலக் கதைக்கு நடுவில் மூடநம்பிக்கை, குடிப்பழக்கம், சாதி வேற்றுமை முதலிய அன்றாடச் சிக்கல்கள் அப்பகுதிகளில் தலைகாட்டின. அறிவுரை என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். வேடிக்கை என்றால் மனத்தைத் திறந்து வைப்பார். திறந்த மனத்துக்குள் கருத்து எளிதாகச் சென்று சேரும். இதுவே அவரது வழிமுறை.

புகழின் உச்சியில் இருந்தபோது அவருடைய வாழ்க்கையில் பேரிடி விழுந்தது. 1944ஆம் ஆண்டு நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் சென்னையில் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதருடன் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார். 1945ஆம் ஆண்டு இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாட்டையே சிரிக்க வைத்தவர் சிறைக்குள் அடைபட்டார். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. முடிவில், 1947ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சிறையில் கழித்திருந்தார்.

கணவர் சிறையில் இருந்த காலத்தில் மதுரம் சோர்ந்துவிடவில்லை. நடிகர் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் நாடகக் குழுவை நடத்தினார். அக்குழு மேடையேற்றிய பைத்தியக்காரன் என்னும் நாடகம், கைம்பெண்களின் துயரத்தையும் மறுமணத்தையும் பற்றிப் பேசியது. 1947ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. விடுதலையாகி வந்த கிருஷ்ணன் அப்படத்தில் நடித்தார். கசப்பான அனுபவத்திற்குப் பிறகும் அவர் சிரிப்பைக் கைவிடவில்லை. மாறாக, அவரது சிரிப்பு மேலும் ஆழமான பொருள்களைத் தொட்டது.

அதற்குச் சிறந்த சான்று, 1949ஆம் ஆண்டு வெளிவந்த நல்லதம்பி. அறிஞர் அண்ணாதுரை கதை வசனம் எழுதிய இப்படம், ஜமீன்தார் முறையை ஒழிப்பதையும் மதுவிலக்கையும் வலியுறுத்தியது. உடுமலை நாராயண கவி இயற்றிய கிந்தனார் காலட்சேபம் இதில் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தின் சாயலில் அது அமைந்திருந்தது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனார், தில்லைக் கோயிலைக் காண ஏங்கியும் தடுக்கப்படுகிறார். கேட்போரை அழ வைக்கும் கதை அது. கிந்தனோ கோயிலுக்குப் போக ஏங்கவில்லை, படிக்க ஏங்குகிறான். உள்ளூர்ப் பள்ளியில் அடிபட்டு, ரயிலேறி நகரம் சென்று படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான்.

கிருஷ்ணன் காலட்சேபம் செய்யும் பாகவதராகத் தோன்றி இக்கதையைச் சொன்னார். அடியார் கதைக்குரிய பெரிய ஆரவாரத்துடன் ஒரு சாதாரண பையனின் கதை சொல்லப்பட்டபோது மக்கள் வாய்விட்டுச் சிரித்தனர். ஆனால், சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. படிக்க விரும்பும் பிள்ளையைப் பிறப்பைக் காட்டித் தடுப்பது என்ன நியாயம்? இங்கே கிந்தனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவனைத் தடுத்த வழக்கத்தைப் பார்த்தே சிரித்தனர். துன்பப்படுபவரைக் கேலி செய்தால் அது வெறும் ஏளனம். துன்பத்தை உண்டாக்கும் வழக்கத்தைக் கேலி செய்தால் அது சீர்திருத்தம். இந்த வேறுபாட்டைக் கிந்தனார் தெளிவாகக் காட்டியது. தொடக்கப் பள்ளியைத் தாண்ட இயலாத ஒருவர் கல்வியின் அருமையைப் பேசியபோது, அந்தச் சிரிப்புக்குள் அவருடைய சொந்த ஏக்கமும் கலந்திருந்தது எனலாம்.

இக்கருத்துகள் மலாயாவின் தோட்டப்புற மக்களுக்கும் நெருக்கமானவை. கெடா மாநிலத்தின் திகாம் பத்து, சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பரவியிருந்தன. தோட்டத்துக் கள்ளுக்கடையால் பல குடும்பங்கள் நலிந்தன. பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் உருவான தொண்டர் படை, 1946, 1947ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் வந்த படமே நல்லதம்பி. திடலில் வெண்திரை கட்டித் தமிழ்ப்படம் காட்டப்பட்ட அக்காலத்தில், தோட்ட மக்களுக்குக் குடியின் கேடும் கல்வியின் தேவையும் தொலைதூரத்துச் செய்திகள் அல்ல. அவை வீட்டு வாசலில் நின்ற சிக்கல்கள்.

கிருஷ்ணன் ஈட்டிய செல்வத்தை இல்லாதவர்க்கு வாரி வழங்கினார். அதனால், கடைசிக் காலத்தில் அவரே பொருள் நெருக்கடியில் வாடினார். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், தமது 48ஆம் வயதில் சென்னையில் இயற்கை எய்தினார். அதற்கு மறுநாள் மலாயா விடுதலை பெற்றது. சென்னையில் உள்ள கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வறுமை, சிறை, பொருளிழப்பு என அழுவதற்குப் பல காரணங்கள் அவருக்கு இருந்தன. எனினும், பிறர் கண்ணீருக்குக் காரணமானவற்றைக் கண்டு மக்கள் சிரிக்கும்படி செய்வதையே அவர் தம் தொழிலாகக் கொண்டார். நகைக்கு அடுத்து அழுகையை வைத்த தொல்காப்பியத்தின் வரிசை, கலைவாணரின் கலையில் உயிர்பெற்று நிற்கிறது. நன்கு சிரித்த மனமே நன்கு சிந்திக்கவும் செய்யும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.