பத்து வெள்ளியில் தோட்டம் வாங்க வழிகாட்டிய துன் சம்பந்தன்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் உலகச் சந்தையில் பால்மர ரப்பருக்குப் போட்டியானது. மலாயாவின் சுதந்திரமும் நெருங்கிய வேளையில், எதிர்காலம் குறித்து ஐயம் கொண்ட பிரிட்டிஷ் முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்று லாபம் பார்த்தனர். பழைய மரங்களை அழித்து, அதிகப் பால் தரும் கன்றுகளை நட வேண்டிய காலத்தில் இந்தத் துண்டாடல் நடந்தது. சிறு நிலங்களில் பழைய ஆட்களுக்கெல்லாம் வேலை இல்லை. வேலை போனால் தோட்டத்து வீடும் போயிற்று.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடியவர் துன் வீ.தி.சம்பந்தன். 1919 ஜூன் 16-இல் பேராக், சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தார். கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியில் படித்து, தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி உருவாக முன்னின்றார். 1955-இல் ம.இ.கா. தலைவரானார்; சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையிலும் இடம் பெற்றார்.

துண்டாடலைத் தடுக்கத் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்க வேண்டும் என்பது அவரது முடிவு. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். அன்றைய தோட்டச் சம்பளத்தில் 10 வெள்ளி சிறு தொகை அல்ல. அமைச்சராக இருந்தும் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் பேசினார்.

கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. அடுத்தடுத்துப் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. துண்டாடாமல் பெரிய அளவில் நடத்தியதால் மறுநடவு செய்யவும், பின்னர் செம்பனைக்கு மாறவும் முடிந்தது. உலக விலை ஏறி இறங்கும்போது தோட்டத்தைத் தாங்கி நிறுத்துபவை இவையே.

1973-இல் கட்சித் தலைமையை விட்டு விலகிய பிறகும் சங்கத்தின் பொறுப்பை அவர் விடவில்லை. 1979 மே 18-இல் மறைந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்று பால்மரம் சீவியவர்கள் வாங்கிய பங்குகள் பல குடும்பங்களில் பிள்ளைகளின் கைக்கு வந்துள்ளன.