வேஷம் கலைத்த வாத்தியார்

புதுச்சேரியில் கருவடிக்குப்பம் என்றதும் பெரியவர்கள் பலருக்குப் பாரதியார் உலாவிய குயில் தோப்புதான் நினைவுக்கு வரும். அதே கருவடிக்குப்பத்தில் இன்னொரு பெரியவரின் சமாதியும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 13-ம் தேதி வந்தால் நாடகக் கலைஞர்கள் மாலையோடு அங்கே போய்க் கும்பிடுவார்கள். அந்தப் பெரியவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

சாமியார் என்று நினைத்துவிடாதீர்கள், குட்டிகளே! அவர் ஒரு நாடகக்காரர். புதுச்சேரிக்காரரும் இல்லை. தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊரில் 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ம் தேதி பிறந்தவர். அங்கே பிறந்தவருக்கு இங்கே எப்படிச் சமாதி வந்தது? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சங்கரனின் அப்பா தாமோதரனார் நல்ல தமிழ் படித்தவர். மகனுக்கு முதல் வாத்தியார் அவர்தான். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகள் என்ற புலவரிடம் சங்கரன் இலக்கணம், இலக்கியம் எல்லாம் கற்றுக்கொண்டார். பதினாறு வயதிலேயே வெண்பா எழுதினாராம்! வெண்பா எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் தமிழ் ஐயாவைக் கேட்டுப் பாருங்கள்.

படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மூட்டை எத்தனை, எடை எத்தனை, வண்டி எத்தனை என்று நாள் முழுக்க எழுத வேண்டும். பாட்டு எழுதிப் பழகிய கை அதில் எத்தனை நாள் ஓடும்? 1891-ல், 24-வது வயதில், வேலையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

அப்போதெல்லாம் சினிமா கிடையாது. ரேடியோ, டி.வி. எதுவும் கிடையாது. ஊருக்கு நாடகக் கம்பெனி வந்தால் அதுதான் திருவிழா! கொட்டகை போடுவார்கள். அரண்மனை, காடு, தெரு என்று வரைந்த திரைகளைத் தொங்கவிடுவார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் கோழி கூவும் வரை நாடகம் நடக்கும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் கேட்கும்படி நடிகரே தொண்டையைத் திறந்து பாட வேண்டும். அதனால் நல்ல குரல் இல்லாதவருக்கு மேடையில் இடமில்லை.

நடிகர்களுக்கு நாடகக்காரர்கள் வைத்திருந்த பெயர்களும் வேடிக்கையானவை. ராஜாவாக வருபவர் ராஜபார்ட். பெண் வேடம் போடுபவர் ஸ்திரீபார்ட். திருடனாக வருபவர் கள்ளபார்ட். சிரிக்க வைப்பவர் பபூன். இன்றும் தென்மாவட்டத்து நாடகக்காரர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

சங்கரதாசுக்கு எந்த வேஷம் பொருந்தியது தெரியுமா? ராஜகுமாரன் வேஷம் இல்லை. இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன்! பயங்கரமான வேஷங்கள் எல்லாம் அவருக்குத்தான். ஓங்கிய உருவமும் கணீர் குரலுமாக அவர் மேடைக்கு வந்தால் முன்வரிசைக் குழந்தைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

அப்படி இருந்தவர் ஏன் நடிப்பை விட்டார்? நாடக உலகில் இதைப் பற்றி ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஓர் இரவு நளதமயந்தி நாடகம். நளனைப் பிடித்து ஆட்டும் சனீஸ்வரனாக அவர் நடித்தார். விடியும் நேரத்தில் நாடகம் முடிந்தது. முகத்தில் பூசிய கரிய அரிதாரத்தைக் கழுவ, வேஷத்தோடேயே தண்ணீர்க் கரைக்குப் போனார். அந்த இருட்டு வேளையில் துணி வெளுக்க வந்திருந்த ஒரு பெண், திரும்பிப் பார்த்தாள். சனீஸ்வரனே நேரில் வந்துவிட்டான் என்று நினைத்து அலறி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

இந்தக் கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். சிலர் அவருடைய எமன் வேஷத்தோடு சேர்த்து இன்னொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதைகளுக்கும் முடிவு ஒன்றுதான். தன்னால் ஓர் உயிருக்குத் தீங்கு வந்துவிட்டதே என்று அவர் மனம் நொந்துபோனார். அத்தோடு அரிதாரம் பூசுவதை விட்டுவிட்டார். வேறு ஒருவராக இருந்தால், பார்த்தாயா என் நடிப்பை என்று மார்தட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது!

நாடகத்தையே விட்டுவிட்டுக் கோயில் கோயிலாகச் சுற்றினார். துறவி போல வாழ்ந்ததால் சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்த நாட்களில் புதுக்கோட்டையில் மான்பூண்டியாப் பிள்ளை என்ற மேதை இருந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் சுவாமிகளைப் பிள்ளை போல வைத்துக் காப்பாற்றினார். அங்கே தாள நுணுக்கங்களைச் சுவாமிகள் நன்றாகக் கற்றார். பிறகு நாடகக் கம்பெனிகள் தேடி வந்து அழைத்தபோது மறுபடி திரும்பினார். ஆனால் இந்த முறை நடிகராக இல்லை. நாடகம் எழுதுபவராக, சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக!

அப்போது நாடகம் இருந்த நிலையைக் கேட்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்றைக்கு மட்டும் ஒன்று கூடி நடிப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் கேட்கும் கேள்விக்கு ஸ்திரீபார்ட் வேறு எதையோ பாடுவார். யார் பெரியவர் என்று மேடையிலேயே போட்டி வந்துவிடும். கதை அப்படியே நிற்கும். சிலர் குடித்துவிட்டும் வருவார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை நாடகத்துக்குப் போனால் கெட்டுவிடும் என்று ஊரில் பேச்சு.

சுவாமிகள் பாட்டு, வசனம் இரண்டையும் ஒழுங்காக எழுதி, இதைத்தான் பேச வேண்டும், இந்த ராகத்தில்தான் பாட வேண்டும் என்று வரையறை செய்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், லவகுசா என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த நாடகங்களைக் கேட்டே திருக்குறளையும் தேவாரத்தையும் தெரிந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் பாட்டுக்குள் நுழைத்துவிடுவார் மனிதர்!

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை என்று சொந்தமாக ஒரு சபை தொடங்கினார். பின்னாளில் பாட்டால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட எஸ்.ஜி. கிட்டப்பா அவரிடம் பயின்றவர்தான்.

ஆனாலும் பெரியவர்களைத் திருத்துவது கஷ்டமாக இருந்தது. வளைந்து வளர்ந்த மரத்தை நிமிர்த்த முடியுமா? அதனால் சிறுவர்களைச் சேர்த்து முதலிலிருந்தே சொல்லிக்கொடுக்க நினைத்தார். இப்படித்தான் பாலர் சபைகளில் அவர் வாத்தியாரானார். பாய்ஸ் கம்பெனி என்றால் எல்லாருக்கும் புரியும். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது அவர்தான் ஆசிரியர்.

அந்தச் சபைக்கு நாடக நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மகன்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகம் என்ற பையனுக்கு வயது ஆறு! நம் கணக்கில் ஒன்றாம் வகுப்பு. வீட்டை விட்டு வந்து கம்பெனி வீட்டில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, ஊர் ஊராகப் போக வேண்டும். பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாம் அதற்குள்ளேதான். இப்போது நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

சுவாமிகள் பாடம் சொல்லும்போது பையன்கள் நடுங்குவார்களாம். ளகரமும் ழகரமும் குழறினால் விடமாட்டார். தாளம் தவறினால் மறுபடி முதலிலிருந்து. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பையன்கள் வளர வளர ஒரு நாள் குரல் உடைந்துவிடும். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரை குயிலாகப் பாடிய ஸ்திரீபார்ட் பையன் இன்று வாயைத் திறந்தால் கரகரவென்று வரும்! உடனே அந்த வேஷத்துக்கு வேறு பையனைத் தயார் செய்ய வேண்டும். வாத்தியாருக்கு ஓய்வே இல்லை.

கண்டிப்பான அந்த வாத்தியார் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். சின்னப் பையன் சண்முகம் நன்றாக நடிக்கிறான், அவனுக்கென்றே ஒரு நாடகம் வேண்டும் என்று சுவாமிகளுக்குத் தோன்றியது. இரவு விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். காலையில் பையன்கள் எழுந்தபோது அபிமன்யு சுந்தரி என்ற முழு நாடகம் தயாராக இருந்தது. பாட்டு, வசனம் எல்லாம் ஒரே இரவில்! வீர அபிமன்யு வேஷம் சண்முகத்துக்கு. நமக்கு ஒரு பக்கக் கட்டுரை எழுத எத்தனை நாள் ஆகிறது!

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. ஓயாமல் எழுதியவர் படுக்கையில் விழுந்தார். வயது 54. சபையார் அவரை விட்டுவிடவில்லை. நாடகம் போகும் ஊருக்கெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருக்கென்று வேறு வீடு ஏது? மனைவி, பிள்ளைகள் இல்லாதவருக்கு அந்தச் சபைதான் வீடு. அந்தப் பையன்கள்தான் பிள்ளைகள்.

1922-ல் சபை புதுச்சேரிக்கு வந்தது. அப்போது இது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். எல்லையைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேறு சட்டம். இன்றைக்கும் நம் புதுச்சேரி போலீஸ்காரர் தலையில் இருக்கிறதே சிவப்புத் தொப்பி, அது அந்தக் காலத்து அடையாளம்தான். இங்கேதான், நவம்பர் 13-ம் தேதி இரவு, சுவாமிகள் கண்ணை மூடினார். வயது 55. தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவரைக் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். சண்முகத்துக்கு அப்போது வயது 10.

வாத்தியார் போன பிறகு அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள்? 1925-ல் சண்முகமும் அவருடைய சகோதரர்களும் சேர்ந்து சொந்தமாக நாடக சபை தொடங்கினார்கள். அவர்கள்தான் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள். நகைச்சுவை மன்னர் என்.எஸ். கிருஷ்ணன் அவர்கள் சபையில் வளர்ந்தவர். சண்முகம் ஔவையார் வேஷத்தில் நடித்துப் பெரிய பேர் வாங்கி, ஔவை சண்முகம் ஆனார். சென்னையில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. எத்தனை புகழ் வந்தாலும் அவர் தன் வாத்தியாரை மறக்கவில்லை. சுவாமிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார், போகும் இடமெல்லாம் பேசினார். மதுரை தமுக்கம் பக்கம் போனால் சுவாமிகளின் சிலையைப் பார்க்கலாம்.

சுவாமிகள் எழுதிய நாடகங்களில் பல இன்று கிடைக்கவில்லை. ஆனால் வள்ளி திருமணம் மட்டும் சாகாமல் இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் இன்றும் இரவு முழுக்க அந்த நாடகம் நடக்கும். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து வாதம் செய்வார். ஊர் ஜனம் தூக்கத்தை மறந்து உட்கார்ந்திருக்கும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பள்ளி ஆரம்பித்தபோது அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரையே வைத்தார்கள். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதை முன்நின்று நடத்தினார். பல்கலைக்கழகம் இருப்பது காலாப்பட்டில். அங்கிருந்து கருவடிக்குப்பம் பஸ்ஸில் போகிற தூரம்தான்.