குடியின் கொடுமையைத் திரையில் காட்டிய ரகுவரன்

லகாட், ஈப்போ வட்டாரத்தில் வீடியோ நாடாவில் தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரகுவரன் என்றாலே ‘பாட்ஷா’ மார்க் ஆண்டனிதான் நினைவுக்கு வருவார். ஆனால், அவர் வில்லனாக அறிமுகமானவர் அல்லர்.

1958இல் கேரளாவின் கொல்லங்கோட்டில் பிறந்த ரகுவரன், 1982இல் ‘ஏழாவது மனிதன்’ படத்தில் ஆலைத் தொழிலாளர் பக்கம் நிற்கும் நாயகனாக வந்தார். படம் தேசிய விருது பெற்றது. நாயக வாய்ப்புகளோ நிலைக்கவில்லை. கிடைத்த வேடங்களில் முத்திரை பதித்தார். 1986இல் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் காசுக்குக் கணக்குப் பார்க்கும் மூத்த மகன், 1990இல் ‘அஞ்சலி’யில் பாசமிகு தந்தை, 1995இல் மார்க் ஆண்டனி, 1999இல் ‘முதல்வன்’ படத்தில் முதலமைச்சர்.

தூர்தர்ஷனில் ஒளியேறிய சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’ தொடர் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. குடியால் வேலையையும் மதிப்பையும் குடும்பத்தையும் இழக்கும் தியாகுவாக அதில் நடித்தார். சம்பள நாளிலும் சம்சுவால் அடுப்பெரியாத வீடுகளைக் கண்ட தோட்ட மக்களுக்கு இது அந்நியக் கதையல்ல.

திரையில் அவர் காட்டிய அந்தப் பழக்கம் சொந்த வாழ்விலும் அவரை விட்டு வைக்கவில்லை. 2008 மார்ச் 19ஆம் நாள் சென்னையில் காலமானபோது ரகுவரனுக்கு வயது 49. இன்னும் எத்தனையோ வேடங்கள் அவருக்காகக் காத்திருந்த வயது அது.