சாந்தி சுவரூப் பட்நாகர்

சர் சாந்தி சுவரூப் பட்நாகர் (பெப்ரவரி 21, 1894 - சனவரி 1, 1955) புகழ் பெற்ற இந்திய வேதியியலாளர் ஆவார். கூழ்ம வேதியியல், காந்த வேதியியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்தவர். சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்து, இந்தியாவின் தேசிய ஆய்வகங்களை நிறுவியவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் முதல் தலைவரும் இவரே. தொழில் நிறுவனம் ஒன்றின் பொருளுதவியைக் கொண்டு இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சித் துறை அமைத்த முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

பட்நாகர் அன்றைய பஞ்சாபின் சாப்பூர் மாவட்டத்தில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் தற்போது பாக்கித்தானில் உள்ளது. தந்தை பரமேசுவரி சகாய் பட்நாகர். குழந்தை பிறந்த எட்டாம் மாதத்தில் தந்தை காலமானார். எனவே பட்நாகர் சிக்கந்தராபாத்தில் இருந்த தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் வளர்ந்தார். இது தற்போதைய உத்தரப் பிரதேசத்தின் புலந்துசகர் மாவட்டத்தில் உள்ள ஊராகும். பாட்டனார் ஒரு பொறியாளர். அவரிடமிருந்த கருவிகளும் நூல்களும் சிறுவனுக்கு இயந்திரங்களின் மீது ஆர்வத்தை உண்டாக்கின. உருது இலக்கியத்தில் ஈடுபாடு தோன்றியதும் அவ்வீட்டிலேயே ஆகும்.

1908 ஆம் ஆண்டு லாகூரில் உள்ள தயாள் சிங் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியின் தலைமை ஆசிரியர் ரகுநாத் சகாய், பட்நாகருடைய தந்தையின் நண்பர். பின்னாளில் அவருடைய மகள் லாச்வந்தியைப் பட்நாகர் மணந்தார். 1911 ஆம் ஆண்டில் தயாள் சிங் கல்லூரியில் சேர்ந்தார். அதே ஆண்டில், கழிவுப் பாகையும் கரிப் பொருட்களையும் கொண்டு மின்கலங்களுக்கான கரித்தண்டு செய்யும் முறை பற்றி அலகாபாத் இதழ் ஒன்றில் எழுதினார். கரும்பாலைக் கழிவிலிருந்து பயனுள்ள பொருள் செய்யும் இந்த நாட்டம் இவரது பிற்கால ஆய்வுகளிலும் தொடர்ந்தது.

உயர்கல்வி

லாகூரில் உள்ள ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1916 இல் இளம் அறிவியல் பட்டமும், 1919 இல் வேதியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். தயாள் சிங் கல்லூரி அறக்கட்டளை மேற்படிப்பிற்காக இவருக்கு உதவித்தொகை வழங்கியது. அமெரிக்கா செல்வதே முதல் திட்டமாக இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து படையினர் ஊர் திரும்பிக் கொண்டிருந்த காலமாதலால், இலண்டனிலிருந்து மேற்கொண்டு செல்லக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. எனவே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் பிரெடெரிக் டோனனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்களைப் பற்றி ஆராய்ந்து 1921 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். இக்காலத்தில் பிரித்தானிய அரசின் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறை இவருக்கு உதவித்தொகை அளித்தது. தொழில் வளர்ச்சிக்காக ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்யும் அரசு அமைப்பு ஒன்றை இவர் அருகிருந்து கண்டது அப்போதுதான்.

பேராசிரியப் பணி

1921 இல் இந்தியா திரும்பிய பட்நாகர், காசி இந்து பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தின் பண்ணை இந்தியில் இயற்றியவரும் இவரே. 1924 இல் லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்திற்கு இயல்பிய வேதியியல் பேராசிரியராகவும் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகங்களின் இயக்குநராகவும் சென்றார். அங்கு 1940 வரை பணியாற்றினார். இவரது சிறந்த ஆய்வுகள் பெரும்பாலும் இப்பதினாறு ஆண்டுகளில் வெளிவந்தவை.

1928 இல் கே. என். மாத்தூருடன் இணைந்து, பொருட்களின் காந்தப் பண்புகளை நுட்பமாக அளக்கும் குறுக்கீட்டுத் தராசு ஒன்றை உருவாக்கினார். இது பட்நாகர்-மாத்தூர் தராசு எனப்படுகிறது. இலண்டனைச் சேர்ந்த ஆடம் இல்கர் என்னும் கருவி நிறுவனம் இதனைத் தயாரித்து விற்பனை செய்தது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்த கருவி ஒன்று நிறுவனத்தின் வழியாகப் பிற ஆய்வகங்களைச் சென்றடைந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும். இருவரும் எழுதிய காந்த வேதியியல் நூல் 1935 இல் வெளியானது.

துளையிடும் சேறு

இராவல்பிண்டிக்கு அருகே அட்டாக் எண்ணெய் நிறுவனம் எண்ணெய்க் கிணறுகளைத் தோண்டி வந்தது. கிணறு தோண்டும்போது களிமண்ணும் நீரும் கலந்த சேற்றைக் குழாய் வழியே உள்ளே செலுத்துவர். இச்சேறு துளையிடும் முனையைக் குளிர்விக்கும், வெட்டப்பட்ட பாறைத் துகள்களை மேலே கொண்டு வரும், கிணற்றுக்குள் உள்ள அழுத்தத்தையும் ஈடு செய்யும். ஆனால் நிலத்தடியில் உப்பு நீருடன் கலந்தபோது இச்சேறு இறுகிக் கெட்டியானது. துளையிடும் பணி தடைப்பட்டது.

இச்சிக்கலுக்குத் தீர்வு காண, நிறுவனத்தை நிருவகித்த இலண்டன் ஸ்டீல் சகோதரர்கள் நிறுவனம் பட்நாகரை அணுகியது. அவர் இதனைக் கூழ்ம வேதியியல் சிக்கலாகக் கண்டார். களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி நீரில் பரவி நிற்கின்றன. உப்பில் உள்ள அயனிகள் அந்த விலக்கு விசையைக் குறைத்துவிடுவதால் துகள்கள் ஒட்டித் திரள்கின்றன. கலங்கிய நீரில் படிகாரம் இட்டால் சேறு திரண்டு அடியில் படிவது போன்றதே இது. சேற்றில் இந்தியப் பிசின் ஒன்றைச் சேர்ப்பதே பட்நாகர் கண்ட தீர்வு ஆகும். பிசின், துகள்களின் மேல் படலமாகப் படிந்து அவை ஒட்டாமல் காத்தது. சேற்றின் பாகுநிலை குறைந்தது. உப்பு நீரிலும் அது நிலைத்து நின்றது. எளிதில் கிடைக்கும் மலிவான பொருளைக் கொண்டே பணி மீண்டும் நடைபெற்றது.

பெட்ரோலிய ஆராய்ச்சித் துறை

இத்தீர்வால் மகிழ்ந்த நிறுவனம், பெட்ரோலியம் தொடர்பான ஆய்வுகளுக்காகப் பட்நாகருக்கு 1,50,000 ரூபாய் வழங்க முன்வந்தது. அக்காலத்தில் இது மிகப் பெரிய தொகையாகும். பட்நாகர் அதனைத் தம் பெயரில் பெற்றுக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் வழியாகவே அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதன்படி பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பட்நாகரின் வழிகாட்டலில் பெட்ரோலிய ஆராய்ச்சித் துறை ஏற்படுத்தப்பட்டது. முதலில் ஐந்து ஆண்டுகளுக்கு என அறிவிக்கப்பட்ட உதவி, பின்னர் தொகையிலும் கூட்டப்பட்டுப் பத்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

இத்துறையில் மெழுகின் மணத்தை நீக்குதல், மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் உயரத்தைக் கூட்டுதல், தாவர எண்ணெய் மற்றும் கனிம எண்ணெய்த் தொழில்களின் கழிவுகளைப் பயன்படுத்துதல் முதலியன ஆராயப்பட்டன. இவை நிறுவனத்திற்கு நேரடியாகப் பயன்படக்கூடியவை. அதே நேரத்தில் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகையும், பல்கலைக்கழகத்திற்குக் கருவிகளும் கிடைத்தன. தொகை பேராசிரியரின் கைக்குச் சென்றிருந்தால், அவர் லாகூரை விட்டு நீங்கும்போது ஆய்வும் நின்றிருக்கக்கூடும். பல்கலைக்கழகத்திற்குச் சென்றதால் அது துறையாக வளர முடிந்தது. வேறு நிறுவனங்களுக்கான ஆய்வுகளிலும் தமக்கென வரும் பயனைத் தவிர்த்து, பல்கலைக்கழகத்தின் ஆய்வு வசதிகளைப் பெருக்குவதற்கே அதனை அளிக்குமாறு வேண்டினார். இயற்பியலாளர் மேகநாத சாகா, பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பை மக்களிடையே உயர்த்தியதாக 1934 இல் இவரைப் பாராட்டி எழுதினார்.

தில்லி துணி ஆலை, கான்பூரின் ஜே. கே. ஆலைகள், லாயல்பூரின் கணேசு மாவு ஆலை, பம்பாயின் டாட்டா எண்ணெய் ஆலை முதலியனவும் பட்நாகரின் உதவியை நாடின. சர் கங்கா ராமுக்காகக் கரும்புச் சக்கையைக் கால்நடைத் தீவனமாக மாற்றும் முறையை முன்னரே கண்டறிந்திருந்தார்.

தொழில் ஆராய்ச்சி மன்றம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் வெளிநாட்டுப் பொருட்களின் வரத்து குறைந்தது. உள்நாட்டிலேயே பொருட்களைச் செய்ய ஆராய்ச்சி தேவைப்பட்டது. வைசிராயின் நிருவாகக் குழுவில் வணிகத்துறை உறுப்பினராக இருந்த தமிழர் ஆற்காடு இராமசாமி முதலியார் இதற்காக வலியுறுத்தினார். 1940 ஏப்ரலில் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைக்கப்பட்டது. முதலியார் அதன் தலைவராகவும் பட்நாகர் இயக்குநராகவும் இருந்தனர். ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது.

ஆய்வகத்தில் கிடைத்த முடிவுகளைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு செல்வது தனிப் பணி என்பதைப் பட்நாகர் அறிந்திருந்தார். 1941 இல் தொழில் ஆராய்ச்சிப் பயன்பாட்டுக் குழு ஏற்படுத்தப்பட்டது. கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தரும் உரிமத்தொகையைத் தனி நிதியில் சேர்த்து மீண்டும் ஆராய்ச்சிக்கே செலவிட வேண்டும் எனவும் முடிவானது. 1941 நவம்பரில் நடுவண் சட்டமன்றம், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் ரூபாய் கொண்ட தொழில் ஆராய்ச்சி நிதிக்கு ஒப்புதல் அளித்தது. 1942 செப்டம்பர் 26 இல் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சி மன்றம் தன்னாட்சி அமைப்பாக உருவானது. லாகூரில் ஒரு நிறுவனத்திற்கும் ஒரு பல்கலைக்கழகத்திற்கும் இடையே இருந்த ஏற்பாடு, இப்போது நாடு தழுவிய அமைப்பாக விரிந்தது.

தேசிய ஆய்வகங்கள்

விடுதலைக்குப் பின் பிரதமர் சவகர்லால் நேருவின் ஆதரவுடன் பட்நாகர் தேசிய ஆய்வகங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவினார். 1950 சனவரியில் புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகமும், தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகமும் திறக்கப்பட்டன. இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகத் தமிழரான கே. எஸ். கிருஷ்ணன் பொறுப்பேற்றார்.

தமிழ்நாட்டில் இரண்டு ஆய்வகங்கள் இக்காலத்தில் அமைந்தன. அவை இரண்டும் தொழில்துறையுடனும் கல்வியுடனும் நெருங்கிய தொடர்பு கொண்டவை.

நடுவண் மின்வேதியியல் ஆய்வகம்: காரைக்குடியில் உள்ளது. துணி ஆலை அதிபரான வள்ளல் அழகப்பச் செட்டியார் இதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 சூலை 25 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 இல் இராதாகிருட்டிணன் திறந்து வைத்தார்.

நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம்: 1948 இல் சென்னை அடையாறில் தொடங்கப்பட்டது. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தோல் பதனிடும் தொழிலுக்கு இது துணை நின்றது. அருகில் அமைந்த அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியுடன் இணைந்து தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு நடைபெற்று வருகிறது. அக்கல்லூரி முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்திலும், 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்திலும் அடங்கியது. மாணவர்கள் ஆய்வகத்திலேயே பயின்று தொழிலுக்குச் செல்லும் முறை இங்கு நிலைபெற்றது.

விமர்சனங்கள்

தேசிய ஆய்வகங்கள் பெருகியபோது எதிர்ப்பும் எழுந்தது. சர் சி. வி. இராமன், நேருவும் பட்நாகரும் விரைந்து ஆய்வகங்களைக் கட்டியதைக் கேலி செய்தார். முன்னர் பட்நாகரைப் பாராட்டிய மேகநாத சாகா, ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களில் வேரூன்றியே வளர வேண்டும் என்ற கருத்து உடையவர். சிறந்த ஆய்வாளர்களும் நிதியும் தனி ஆய்வகங்களுக்குச் சென்றால், அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகங்கள் நலிவடையும் என்பதே இத்தரப்பினரின் வாதம் ஆகும்.

லாகூரில் பட்நாகர் அமைத்த துறையில் நிறுவனத்தின் பணமும் பேராசிரியரின் ஆய்வும் மாணவரின் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. தேசிய ஆய்வகங்களில் கல்வி பெரும்பாலும் வெளியே நின்றது. அதே வேளையில், அன்றைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பெரிய ஆய்வுக் கருவிகளை வாங்கவும் பராமரிக்கவும் வசதி இல்லை என்பதும், தொழில்துறைக்குத் தீர்வுகள் விரைவாகத் தேவைப்பட்டன என்பதும் ஆய்வகங்களுக்கு ஆதரவான வாதங்களாகும். 1953 இல் அமைந்த பல்கலைக்கழக மானியக் குழுவிற்கும் பட்நாகரே முதல் தலைவரானார். எனினும் அப்பொறுப்பில் நெடுங்காலம் பணியாற்ற இயலவில்லை. பல்கலைக்கழகத்திற்கும் தனி ஆய்வகத்திற்கும் இடையேயான இவ்விவாதம் இந்தியாவில் இன்றளவும் தொடர்கிறது.

மறைவு

1946 இல் மனைவி லாச்வந்தி காலமானார். அவர் நினைவாகப் பட்நாகர் எழுதிய உருதுக் கவிதைகள், அவர் பெயரிலேயே தொகுப்பாக வெளிவந்துள்ளன. பட்நாகர் 1955 சனவரி 1 அன்று மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

சிறப்புகள்

1936 இல் பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.இ. விருது, 1941 இல் சர் பட்டம், 1943 இல் இலண்டன் அரச கழக உறுப்பினர் தகுதி, 1954 இல் பத்ம பூசண் விருது ஆகியவற்றைப் பெற்றார்.

இவர் நினைவாகச் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு ஏற்படுத்தப்பட்டு, 1958 இல் முதன்முறையாகக் கே. எஸ். கிருஷ்ணனுக்கு வழங்கப்பட்டது. இந்திய அறிவியலாளர்களுக்கான உயரிய விருதுகளுள் ஒன்றாக இது பல்லாண்டுகள் விளங்கியது. 2024 முதல், தேசிய அறிவியல் விருதுகளில் இளம் அறிவியலாளர்களுக்கான பிரிவு பட்நாகரின் பெயரைத் தாங்கியுள்ளது.

1947 ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாக்கித்தானுக்குச் சென்றது. இந்தியப் பகுதியில் தொடர்ந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் பின்னர் சண்டிகரில் நிலைகொண்டது. அங்குள்ள வேதிப் பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்வி நிலையத்திற்குப் பட்நாகரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.